பழைய தேயிலைத் தொழிற்சாலையை விடுதியாக்க ‘பழுதுபார்ப்பு’ மனு போதுமா?

கோத்தகிரியை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையார் 1960-களில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை மூடி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எந்திரங்களில் பாதி விற்றாகிவிட்டது. அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து அதைப் பத்து அறைகள் கொண்ட தங்கும் விடுதியாகவும், ஒரு பகுதியை உணவகமாகவும் மாற்ற நினைக்கிறார்கள். “கட்டிடம் ஏற்கெனவே நிற்கிறது, புதிதாக எதையும் கட்டப்போவதில்லை, ஆகவே பழுதுபார்ப்பு என்று ஒரு மனு கொடுத்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஓர் ஆலோசகர் இரண்டு லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? மாடி தாங்குமா?” என்பவை அவருடைய இரண்டு கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை: கொடுக்காதீர்கள். ஓடு மாற்றுவதும், பெயர்ந்த பூச்சைச் சரிசெய்வதும், உடைந்த சன்னலைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பு. தேயிலை அரைத்த இடத்தில் மனிதர்களைப் படுக்க வைப்பது பயன்பாட்டு மாற்றம். ஒரு செங்கல்லைக்கூட நீங்கள் நகர்த்தாவிட்டாலும், தொழிற்சாலை என்று பதிவாகியிருக்கும் கட்டிடத்தில் கட்டணம் வாங்கி ஆட்களைத் தங்கவைத்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். கொடைக்கானலில் 2019-ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவின்படி வரிசையாகக் கட்டிடங்களுக்கு முத்திரை வைக்கப்பட்டபோது, வீடு என்று அனுமதி பெற்று விடுதியாக நடத்தப்பட்டவையும் அவற்றில் இருந்தன. கடன் வாங்கிக் கட்டில் மெத்தை போட்டவர்கள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றார்கள். அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்ன இடைத்தரகர் யாருடைய பெயரும் எந்த நோட்டீஸிலும் வருவதில்லை. கையெழுத்து உங்களுடையது, தண்டனையும் உங்களுக்கே. ‘எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது’ என்று சொல்லும் ஒருவர், யாரிடம் பேசினார், எந்த விதியின் கீழ் பேசினார் என்பதைத் தாளில் எழுதித் தர மறுத்தால், அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.

அதைவிட ஆபத்தான யோசனை ஒன்றையும் இவர்கள் சொல்வார்கள்: ‘பழைய சுவர்களை இடித்துவிட்டு அதே அளவில் புதிதாகக் கட்டிவிடலாம், செலவு குறையும்.’ நீலகிரியில் புதிய கட்டிடத்தின் உயரத்திற்கு 7 மீட்டர் வரம்பு இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை, கீழே எந்திரக் கூடமும் மேலே இலை வாட்டும் தளங்களுமாக அதைத் தாண்டி நிற்கும். தந்தையார் கட்டிய அந்த உயரம் இன்றைய விதிக்கு முந்தையது என்பதால்தான் நிற்கிறது. இடித்த மறுநாள் அது புதிய கட்டிடம். உங்கள் கையில் மிஞ்சுவது 7 மீட்டர். ஆகவே சட்டகத்தையும் வெளிச்சுவரையும் கூரைக் கோட்டையும் தொடாமல், உள்ளே மட்டும் வேலை செய்யுங்கள். இலங்கையில் நுவரெலியாவை அடுத்த கந்தபொலையில் ஹெதர்செட் என்ற பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996-இல் விடுதியாக மாறியபோது வாட்டும் தளங்களே தங்கும் அறைகளாயின. வெளித்தோற்றம் இன்றும் தொழிற்சாலைதான். காற்றுக்காக வரிசையாக வைத்த அந்தச் சன்னல்களைப் போல இன்று யாரும் உங்களுக்குக் கட்டித் தரமாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி, மாடி தாங்குமா என்பது. வாட்டும் தொட்டிகளில் பசுந்தேயிலையைச் சதுர அடிக்கு இரண்டு மூன்று கிலோ அளவில்தான் பரப்புவார்கள். அதாவது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. அந்த மாடி இதுவரை சுமந்த இலை இவ்வளவுதான். குடியிருப்பு அறைக்கு இந்திய தர நிர்ணயம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமையையும், நிலையான இருக்கைகள் இல்லாமல் கூட்டம் கூடும் மண்டபத்திற்குச் சுமார் 500 கிலோவையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஆகவே அறைகளை மாடியில் வையுங்கள், அதுவும் உத்தரங்களைக் கட்டமைப்புப் பொறியாளர் சோதித்த பிறகு. உணவகத்தையும் திருமண விருந்துக் கூடத்தையும் எந்திரங்கள் நின்ற கீழ்த்தளத்திலேயே வையுங்கள். அங்கே டிரையருக்கும் ரோலருக்கும் போட்ட கான்கிரீட் எதையும் தாங்கும். எண்ணெய் ஊறிய இடங்களில் டைல்ஸ் ஒட்டாது என்பதால் மேல்பரப்பைக் கொத்தி எடுக்க வேண்டியிருக்கும். பெரிய செலவு அவ்வளவே.

மரச் சட்டங்கள் இருந்தால் நடுவில் பார்க்காதீர்கள், சுவருக்குள் நுழையும் முனையைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் இதே பகுதியில் ஒரு தொழிற்சாலைக்குச் சென்றிருந்தேன். உத்தரம் புதுப் பெயின்ட்டில் பளபளத்தது. சுவரோரம் பேனாக்கத்தியை வைத்து அழுத்தினேன். பிடி வரை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே கூரைத் தண்ணீரை வடிக்கும் பீலி உடைந்து மழைநீர் அந்த இடத்திலேயே சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. நூறு ரூபாய்த் தகரத்தைச் சரிசெய்யாததால் வந்த வினை. அத்துடன், சுவர் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக இருந்தால் இடுக்குகளைச் சிமென்ட்டால் அடைக்கவே கூடாது. நம் மலையில் இரண்டு பருவமழையும் பெய்கின்றன. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் உள்ளே பூட்டிவைக்கும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதைத் துளையிடவோ உடைக்கவோ அனுமதிக்காதீர்கள். அதன் நார்த் தூள் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். நனைத்து, முழுத் தகடாகவே இறக்கச் சொல்லுங்கள். வேலையாட்களுக்கு முகமூடி கொடுங்கள், உடைந்த துண்டை அவர்கள் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோக விடாதீர்கள்.

இனி நிலம். இதில் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தரகர்கள் இதை வாயே திறப்பதில்லை. ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு எல்லை வகுத்த 1961-ஆம் ஆண்டு தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. தேயிலையைப் பதப்படுத்திச் சந்தைக்குத் தயாராக்கும் தொழிற்சாலை நிற்கும் நிலமும் தோட்டம் என்ற சொல்லுக்குள் அடங்கும். அந்த இடம் விடுதியானால் அது தோட்டத்திற்குத் துணையான நிலம் என்ற தகுதியை இழக்கக்கூடும். அப்போது அது உங்கள் குடும்பத்தின் மற்ற நிலத்தோடு சேர்ந்து எண்ணப்படும். ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்திற்கு, 1970-இல் குறைக்கப்பட்டபின், வரம்பு 15 ஸ்டாண்டர்டு ஏக்கர்; இது சாதாரண ஏக்கரோடு ஒன்றல்ல, நிலத்தின் தீர்வையை, அதாவது நிலவரியை, வைத்துக் கணக்கிடப்படுவது. சொந்தமாகக் கொஞ்சம் தேயிலையும், மற்றவர்களிடம் இலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலையும் மட்டும் வைத்திருக்கும் சிறு குடும்பத்தை இது தொடாது, உங்களையும் பெரும்பாலும் தொடாது. ஆனால் தந்தையார் அந்த இடத்தைப் பெரிய எஸ்டேட் ஒன்றிலிருந்து பிரித்து வாங்கியிருந்தால், பிரிக்கும்போது விலக்கின் நிபந்தனை மீறப்பட்டதா என்பதை மூலப்பத்திரத்தோடு ஒரு நில வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பது இதற்குப் பதிலாகாது. உச்சவரம்பு நிலுவை அதில் தெரியாமல் போகலாம்.

அடுத்து, மலைப்பகுதிக் கட்டுமான மனுக்களை ஆராயும், எல்லோரும் ஹாக்கா என்று சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம். அதன் கீழ் வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத் துறை என்று தனித்தனியாகக் கருத்துக் கேட்பார்கள். ஒரே புல வரைபடத்தை நான் ஓர் அலுவலகத்தில் மூன்று மேசைகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறேன்; மூன்றாவது மேசையில் முதல் மேசையின் நகல் பக்கத்து அலமாரியிலேயே இருந்தது. மூடிக் கிடக்கும் தொழிற்சாலைகளை உயிர்ப்பிப்பது, புதிய மலைச்சரிவை வெட்டாமல் இருப்பதற்கு நல்ல வழி. அதற்கு ஓர் எளிய தனிப் படிவம்கூட இல்லை என்பது வருத்தமளிக்கிறது. புதிதாக மலையை வெட்டிக் கட்டுபவருக்கும், நிற்கும் சுவரைக் காப்பாற்றுபவருக்கும் ஒரே வரிசைதான். தாமதம் தாங்காமல்தான் மக்கள் தரகரிடம் போகிறார்கள். நீங்கள் போகாதீர்கள், ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை எண் வாங்கிக்கொள்ளுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கழிவுநீரை மறந்துவிடாதீர்கள். தொழிற்சாலைக்கு இரண்டு கழிப்பறை போதுமாக இருந்தது. இருபது விருந்தினர் குளித்தால் அத்தனை தண்ணீரும் எங்கோ மண்ணில் இறங்கியாக வேண்டும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பகுதிகளில் சரிவு பெயர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் பார்த்தோம். உறிஞ்சுகுழியைக் கட்டிடத்தின் கீழ்ச்சரிவில் விளிம்பை ஒட்டித் தோண்டாதீர்கள். பாதைக்காக மரம் வெட்டுவதாக இருந்தால் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். சில்வர் ஓக் நாமே நட்டதுதானே என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள்.

பணம் எதையும் செலவழிப்பதற்கு முன், வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டும் ஒரு நாளில் நீங்கள் மூவரும் ஒரு டார்ச் விளக்கோடும் ஒரு துண்டு சாக்பீஸோடும் உள்ளே சென்று, சுவரிலும் உத்தரத்திலும் ஈரம் வரும் ஒவ்வோர் இடத்தையும் வட்டமிட்டு, தேதி எழுதி வையுங்கள். பொறியாளரை அழைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். வெயில் காலத்தில் வந்து பார்ப்பவருக்கு அந்த வட்டங்கள்தான் வழிகாட்டும்.