16 இன்ச் ரிம் வாங்கியாச்சு, டயர் எது?

கேள்வி: அண்ணா, என்னிடம் இருப்பது டொயோட்டா அக்சியோ. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 175/65 ஆர் 15 என்று போட்டிருக்கிறது. போன கிழமை பஞ்சிகாவத்தையில் ஆசைப்பட்டு 16 இன்ச் அலோய் ரிம் ஒரு செட் வாங்கிவிட்டேன். அகலம் 6.5 ஜே (6.5 இன்ச்), ஓஃப்செட் 45. பழைய ரிம்மில் 5 ஜே, 39 என்று இருக்கிறது. ஒரு டயர் கடையில் 205/45 போடுங்கள், வடிவாக இருக்கும் என்கிறார்கள். இன்னொரு கடையில் 195/55தான் கையிருப்பில் இருக்கிறதாம். எதைப் போடுவது?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: தாலி கட்டிய பிறகு சாதகம் பார்க்க வந்திருக்கிறீர்கள் தம்பி. சரி, பரவாயில்லை, பார்ப்போம். இரண்டு கடைக்காரரும் தங்களிடம் இருக்கிற டயரைச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் காருக்கு என்ன வேண்டும் என்று யாரும் பார்க்கவில்லை. அதை நீங்களே ஒரு கடதாசியில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

175 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம் என்பது, அதாவது 113.75. மேலும் கீழுமாக இரண்டு தடவை வருவதால் 227.5. 15 இன்ச் ரிம் என்றால் 381. கூட்டினால் உங்கள் சக்கரத்தின் மொத்த விட்டம் 608.5 மில்லிமீற்றர். ரிம் எத்தனை இன்ச்சாக மாறினாலும் இந்த மொத்த விட்டம் கிட்டத்தட்ட இதே அளவில் நிற்க வேண்டும். 3 சதவீதம் வரை போகலாம் என்பார்கள், நான் 2 தாண்டினாலே யோசிப்பேன்.

205/45 போட்டால் 590.9. ஏறக்குறைய 3 சதவீதம் சிறிது. கார் 9 மில்லிமீற்றர் பதிந்துவிடும், பழைய டயரில் 97இல் போகிற வேகத்துக்கு மீற்றர் 100 காட்டும், ஓடாத கிலோமீற்றரும் கணக்கில் ஏறும் (விற்கும்போது தெரியும் அதன் அருமை). அதைவிடப் பெரிய பிரச்சினை, பக்கச்சுவர் 114இலிருந்து 92 ஆகக் குறைந்துவிடும். குழாய் போடத் தோண்டிவிட்டு அரைகுறையாக மூடிய ஒழுங்கைகளில் ரிம்மைக் காப்பாற்றுவது அந்தப் பக்கச்சுவர்தான். 195/55 போட்டால் 620.9, 2 சதவீதம் பெரிது. முன்பு ஒரு காரில் இப்படிக் கொஞ்சம் பெரிய டயர் போட்டுவிட்டு நானும் பட்டிருக்கிறேன். தனியாக ஓட்டும்போது ஒரு சத்தமும் இல்லை, வீட்டுக்காரர் ஐந்து பேரும் ஏறி ஒரு வளைவில் திரும்பியதும் மட்காட்டுக்குள் உரசத் தொடங்கிவிட்டது.

உங்கள் ரிம்முக்கு 195/50 ஆர் 16 கேளுங்கள். 601.4, ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். 185/55 இதைவிட நெருக்கமாக வரும் (609.9), ஆனால் 6.5 ஜே ரிம் அதற்கு அகலத்தின் உச்ச எல்லை, பாரக் குறியீடும் வழக்கமாக 83தான். பாரக் குறியீடு என்பது டயரில் சைஸுக்குப் பக்கத்தில் வரும் இரண்டு இலக்கம்: 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும், 83 என்றால் 487. உங்கள் பழைய டயரில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதற்குக் குறையாமல் வாங்குங்கள். 195/50இல் 84 கிடைக்கும். நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போகிற காரில் இந்த இலக்கம் விளையாட்டு இல்லை.

இனி நீங்கள் கேட்காதது, ஆனால் எனக்குப் பயமாக இருப்பது, ஓஃப்செட். ரிம்மைக் காரில் பூட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. 5 ஜே 39இலிருந்து 6.5 ஜே 45க்குப் போகும்போது ரிம்மின் உள்விளிம்பு 25 மில்லிமீற்றர் உள்ளே போகிறது, வெளிவிளிம்பு 13 வெளியே வருகிறது. ஆகவே டயருக்குக் காசு கொடுக்க முன், காரை ஜாக்கில் ஏற்றி வெறும் ரிம்மைப் பூட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஷொக் அப்சோபருக்கும் ரிம்முக்கும் நடுவில் விரல் தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள். டயர் ஏறினால் அந்த இடைவெளி இன்னும் குறையும். முட்டினால் டயர் வாங்க வேண்டாம், ரிம்மை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் காரின் சொந்த ரிம்மில் நடு ஓட்டை 54.1 மில்லிமீற்றர், வெளியில் வாங்கும் அலோய்களில் பெரும்பாலும் 73.1 போலப் பெரிதாக இருக்கும். நடுவில் ஹப் ரிங் (அந்த இடைவெளியை நிரப்பும் வளையம்) போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கலாம். டொயோட்டாவின் சொந்த அலோய்க்கு வரும் தட்டை வாஷர் நட்டு இந்த ரிம்முக்கு உதவாது, கூம்பு நட்டு வேண்டும்.

கேள்வி: சுசுகி வெகன் ஆருக்கு (155/65 ஆர் 14) தம்பி 165/55 ஆர் 15 டயரோடு பழைய அலோய் செட் கொண்டுவந்திருக்கிறான். போடலாமா?
— வாசகி, தெஹிவளை

பதில்: சைஸ் சரி தங்கச்சி. 557க்கு 562.5, ஒரு சதவீதம்தான். வெகன் ஆரிலேயே ஸ்டிங்ரே வகை சிலவற்றுக்கு வருவதும் இதே சைஸ்தான். ஆனால் டயரின் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் ஒரு நாலு இலக்கம் இருக்கும், 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. அந்த வயதுக்காரர் என்றால் டயரின் பூ (தரையில் படும் பள்ளக்கோடுகள்) எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழற்றி எறியச் சொல்லுங்கள். அந்த செட்டோடு டொயோட்டா நட்டு வந்திருந்தால் அதை வலிந்து இறுக்கவும் வேண்டாம், அதன் திரெட் இடைவெளி 1.5 மில்லிமீற்றர், சுசுகிக்கு 1.25.

கேள்வி: அகல டயர் போட்டால் மழையில் பிடிப்புக் கூடுமா?
— வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கூடாது. தேங்கிய தண்ணீரில் அகலமான டயர் இன்னும் சீக்கிரம் மிதக்கும். காலி வீதியில் ஒரு மணித்தியாலம் கொட்டினால் உங்களுக்கு வேண்டியது பூவின் ஆழம். பூவின் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேட்டின் உயரம் 1.6 மில்லிமீற்றர், தேய்ந்து அதைத் தொடும்வரை காத்திருக்காமல் 3 மிச்சம் இருக்கும்போதே மாற்றுங்கள்.