அப்பாவுக்கு நெஞ்செரிச்சல், முழங்கால் வலி: யாரிடம் போவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது, சிங்கப்பூர்க் குடிமகன். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. எந்த கிளினிக்கில் கூட்டம் குறைவோ அங்கே போய் மருந்து வாங்கிக்கொள்வார். போன மாதம் ஓர் இரவு நெஞ்சு எரிகிறது என்றார். டாக்சி பிடித்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நூறு வெள்ளிக்கு மேல் செலவு. இப்போது முழங்கால் வலி. நேராக எலும்பு நிபுணரிடம் போய்விடலாம் என்கிறார் அண்ணன். இதற்கிடையில் ஊரிலிருந்து என் மாமியாரும் வரப்போகிறார். எதற்கு எங்கே போவது? — ஈசூன் வாசகி

பதில்: முதலில் அந்த இரவு. நூறு வெள்ளி வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். நீங்கள் போனது சரி. சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு சினிமாவில் வருவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்படி வர வேண்டும் என்பதில்லை. வெறும் எரிச்சல், மூச்சுத் திணறல், காரணமில்லாத வியர்வை என்றும் வரும். வீட்டில் இருந்தபடி அது வாயுவா இதயமா என்று நானும் சொல்ல முடியாது. இசிஜி எடுக்க வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும். முதல் ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுப்பது வழக்கம். நீங்கள் காத்திருந்ததில் ஒரு பகுதி அதற்காகவே இருந்திருக்கும். மீதி, வரிசை முறையால். அவசரப் பிரிவில் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற கணக்கு கிடையாது. நிலைமையின் தீவிரத்தைப் பார்த்து பி1 (P1) முதல் பி4 (P4) வரை பிரிப்பார்கள். உயிருக்குப் போராடுகிறவர் பி1. நடந்து வந்து நாற்காலியில் உட்காரக்கூடியவர் பெரும்பாலும் பி3. உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போனால் அவர் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

தவறு என்று சொன்னால் ஒன்றுதான், டாக்சி. நெஞ்சில் இறுக்கம், முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை திடீரென்று பலமிழப்பது, பேச்சு குழறுவது, இவற்றுக்கெல்லாம் அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995. ஆம்புலன்சிலேயே இசிஜி எடுக்க முடியும், மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் போய்விடும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதனால் அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்து வைத்துச் சொல்லுங்கள். அவசரமில்லாததற்கு 995ஐ அழைத்தால் 274 வெள்ளி கட்ட வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது இருமலுக்கும் சளிக்கும் ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர்களுக்காக வைத்தது. நெஞ்சு வலிக்கும்போது அதை நினைக்காதீர்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை அழைத்துப் போவது போன்ற அவசரமில்லாத பயணத்துக்கு 1777 இருக்கிறது.

சரி, முழங்கால். இங்கேதான் அண்ணன் சொல்வதைக் கேட்டால் பர்ஸ் காலியாகும். சிங்கப்பூரில் எந்த நிபுணரைப் பார்க்கிறோம் என்பது மட்டுமல்ல, எந்த வாசல் வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்தோம் என்பதும் கட்டணத்தை முடிவு செய்கிறது. பலதுறை மருந்தகம், அதாவது அரசு பாலிகிளினிக், கடிதம் கொடுத்து அரசு மருத்துவமனையின் நிபுணரிடம் அனுப்பினால், குடிமக்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 70 சதவீதம் வரை மானியம் உண்டு. தனியார் கிளினிக்கிலும் அரசு மானியம் தரும் சாஸ் (CHAS) அட்டை வைத்திருப்பவரை சாஸ் கிளினிக் மருத்துவர் அனுப்பினாலும் அதே கதைதான். கடிதம் இல்லாமல் நீங்களாகவே நேரம் வாங்கிக்கொண்டு போனால், அதே கட்டடத்தில் நீங்கள் தனியார் நோயாளி. முழுக்கட்டணம். பாதியில் மானியத்துக்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அது அவ்வளவு சுலபமில்லை. வார்டிலும் இப்படித்தான். ஏ (A) அல்லது பி1 (B1) வகுப்பு வார்டில் படுத்து எழுந்தவருக்குப் பிறகு வரும் வெளிநோயாளிச் சந்திப்புகளும் தனியார் கணக்கில்தான் போகும். ‘இரண்டு நாள்தானே, தனி அறை எடுப்போம்’ என்று முடிவெடுக்கும்போது பலருக்கு இது தெரிவதில்லை.

இன்னொன்று, 68 வயதில் வரும் முழங்கால் வலி பெரும்பாலும் தேய்மானம். அதற்கு முதல் சிகிச்சை உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். நிபுணரே பிசியோதெரபிக்கு அனுப்பப்போகிறார் என்றால் அதைப் பலதுறை மருந்தகத்திலேயே தொடங்கிவிடலாமே. மூட்டு திடீரென்று வீங்கி, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே பாருங்கள்.

வலிக்கு அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள், சர்க்கரையும் அழுத்தமும் உள்ளவரின் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஒரு கிளினிக்கில் அழுத்தத்துக்கு மருந்து, இன்னொன்றில் வலிக்கு மருந்து, தேக்காவில் வாங்கிய சூரணம், ஊரிலிருந்து வந்த லேகியம் என்று நாலும் ஒரே வயிற்றுக்குள் போகிறது. யாருக்கும் முழுப் பட்டியல் தெரியாது. நான் குடும்ப மருத்துவராக இருந்து பார்த்ததில், கூட்டம் குறைவான கிளினிக்கைத் தேடும் அப்பாக்கள்தான் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். நோய் பெரிதாக இருந்து அல்ல, ஒருவரும் முழுசாகப் பார்க்காததால்.

அதனால் என் யோசனை, நிபுணருக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரே ஒரு மருத்துவரைப் பிடித்துக் கொடுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் இதற்காகவே. 40 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு கிளினிக்கில் பதிந்துகொள்ளலாம். குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்படும் பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் இலவசம். சர்க்கரை, அழுத்தம் போன்ற நீண்டகால நோய்களுக்கு மெடிசேவ் என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்தும் கட்டலாம். 68 வயது என்றால் அவர் 1950களில் பிறந்தவர். 1996 இறுதிக்குள் குடிமகனாகியிருந்தால் மெர்டேக்கா தலைமுறைச் சலுகைகளும் சேரும். அதற்கான அட்டையை அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார், எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

பலதுறை மருந்தகமா, புளோக்கின் கீழே உள்ள கிளினிக்கா? பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை, கண் படம், பாதப் பரிசோதனை எல்லாம் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் முடியும், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் வரக்கூடும். கீழ் கிளினிக்கில் அதே முகம், நடந்து போகும் தூரம். மருத்துவமனைப் பேச்சைத் தமிழில் கேட்டால்தான் புரியும் என்கிற ரகமாக உங்கள் அப்பா இருந்தால், தமிழ் பேசும் மருத்துவர் இருக்கும் கிளினிக்கே மேல். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

பகலில் வரும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, சின்னக் காயம் எல்லாம் முதலில் அந்த ஒரே மருத்துவரிடம்தான். அவரே அவசரப் பிரிவுக்கு அனுப்ப நேர்ந்தால், ஜிபிஃபர்ஸ்ட் திட்டத்தில் உள்ள கிளினிக் என்றால் சில மருத்துவமனைகளில் கட்டணத்தில் 50 வெள்ளி குறையும்.

மாமியார் விஷயம் வேறு. வெளிநாட்டவரான அவருக்கு மானியம் எதுவும் கிடையாது, மெடிஷீல்டு லைஃப் என்னும் அடிப்படை மருத்துவக் காப்புறுதியும் கிடையாது. பலதுறை மருந்தகத்திலும் முழுக்கட்டணம் என்பதால் சளி காய்ச்சலுக்கு அங்கே வரிசையில் நிற்பதில் லாபமில்லை, பக்கத்து கிளினிக்கே போதும். பெரிய செலவு வார்டில்தான். பயணக் காப்புறுதியை அவர் விமானம் ஏறும் முன் ஊரிலேயே எடுக்கச் சொல்லுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது பொருந்துமா என்றும் கேட்டுவிடுங்கள். மூன்று மாத மாத்திரையை மருத்துவரின் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் கொண்டுவரட்டும். அப்புறம், அந்த லேகியத்தை இன்னொரு பாட்டில் அப்பாவுக்கென்று கட்டிக்கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.