பூக்காத வயோலா

கேள்வி: வாங்கி வந்தபோது தொட்டியே தெரியாத அளவுக்குப் பூத்திருந்த வயோலா, ஒன்றரை மாதத்தில் கொடி மாதிரி நீண்டு, ஒன்றிரண்டு சின்னப் பூக்களோடு நிற்கிறது. உரம் போதவில்லையா?

பதில்: உரப் பையை முதலில் தள்ளி வையுங்கள். தழைச்சத்து ஏறினால் இலைதான் கொழிக்கும், பூ வராது. வாடிய பூக்களைக் கிள்ளுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அங்கேதான் சந்தேகம். இதழ் உதிர்ந்த இடத்தில் பச்சையாக உருண்டு ஒரு காய் தலைகுனிந்து தொங்கும், பலர் அதை மொட்டு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மொட்டு நீளமாக, முனை கூர்மையாக இருக்கும், நுனியில் நிறம் எட்டிப் பார்க்கும், காய் குண்டு. அந்தக் காய் முற்றியதும் நிமிர்ந்து, மூன்றாகப் பிளந்து விதைகளைத் தெறிக்க விடும் (ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்). விதை பிடித்துவிட்டால் செடிக்குப் பூக்கிற அவசரம் போய்விடும். அதனால் பூவை மட்டும் பிய்க்காமல் காம்போடு, அது கிளம்புகிற அடி வரை கிள்ளுங்கள்.

இன்னொன்று வெயில். இது குளிர்காலச் செடி, பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டிக்கொண்டே இருந்தால் நீளத்தான் செய்யும். பாதி உயரத்துக்கு வெட்டி, காலை வெயில் மட்டும் படுகிற இடத்துக்கு மாற்றுங்கள். வெட்டும்போது மனசு வராது, ஆனால் சூடு தணிந்தால் அடியிலிருந்து புதுத் துளிர் வரும். தணியாவிட்டால், சரி, அந்தப் பருவத்துக்கு அவ்வளவுதான்.

கேள்வி: விதை போட்டு மூன்று வாரம் ஆகிறது. முளைக்கவே இல்லை.

பதில்: மேலாகத் தூவிவிட்டீர்களோ? வயோலா விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும். சுமார் 3 மில்லிமீட்டர் மண் மூடி, ஈரம் காயாமல், 18 முதல் 20 டிகிரியில் வைத்தால் 10 முதல் 14 நாளில் தலை காட்டும். சூடான இடத்தில் வைத்தால் விதை உறங்கிவிடும். அப்புறம், நாற்று நடும்போது 15 சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள், தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

கேள்வி: பான்சியும் வயோலாவும் ஒன்றா?

பதில்: ஒரே பேரினம்தான். பான்சிக்குப் பூ பெரிது, நாலு இதழ் மேல் பக்கம், ஒன்று கீழே; வயோலாவுக்கு மேலே இரண்டு, கீழே மூன்று. பூ சின்னதாக இருந்தாலும் எண்ணிக்கையில் வயோலாதான் ஜெயிக்கும். தொட்டிக்கு என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.