பழைய காசு, பழைய நோட்டு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அண்ணா, தாத்தாவோட டிரங்க் பெட்டில 1947ன்னு போட்ட ஒரு ரூபா காசு கெடச்சுது, பின்னாடி புலி நடந்து போற மாதிரி இருக்கு. வெள்ளிதானே?

பதில்: இல்ல தம்பி, நிக்கல். காந்தம் காட்டிப் பாருங்க, டக்குனு ஒட்டிக்கும், வெள்ளின்னா ஒட்டாது. 1835ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நாடு முழுக்க ஒரே ரூபான்னு கொண்டு வந்தப்போ எடை 180 கிரெய்ன் (பழைய எடை அளவு, கிட்டத்தட்ட 11.7 கிராம்), அதுல 12ல 11 பங்கு வெள்ளி, நூறு வருஷத்துக்கு மேல அது அப்படியே ஓடுச்சு, அப்புறம் ரெண்டாம் உலகப்போர்ல வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து 1940ல பாதி வெள்ளி ஆக்கிட்டாங்க, 47ல அந்தப் பாதியும் போய் முழு நிக்கல். நம்ம காசோட கதையில ராஜா மாறினத விட உலோகம் மாறினதுதான் பெரிய விஷயம், யாரு வேணா சண்டைக்கு வாங்க.

கேள்வி: அப்போ ஓட்டைக் காலணா?

பதில்: அதே போர்தான். 1943லேர்ந்து 47 வரைக்கும் அடிச்சாங்க, செம்பு மிச்சம் பிடிக்க நடுவுல ஓட்டை.

கேள்வி: ஒரு ரூபா நோட்டுல மட்டும் ஏன் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து இல்ல?

பதில்: நல்ல கேள்வி. அது ரிசர்வ் வங்கி நோட்டே இல்ல, மத்திய அரசு வெளியிடறது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து போடுவார். "இவ்வளவு ரூபா தர உறுதி அளிக்கிறேன்"ங்கிற வாசகமும் அதுல கிடையாது, ஏன்னா சட்டப்படி அது நாணயத்துக்குச் சமம். மொத மொத வந்தது 1917 நவம்பர் 30, அப்போ முதல் உலகப்போர், வெள்ளி கெடைக்கல, அதான் காசுக்குப் பதிலா காகிதம். அஞ்சாம் ஜார்ஜ் காசோட படத்தையே மூலையில அச்சடிச்சிருப்பான், 25 நோட்ட புக் மாதிரி சேர்த்துக் குடுத்தாங்க. கூடவே ரெண்டு ரூபா எட்டணாவுக்கும் ஒரு நோட்டு வந்துச்சு, இப்போ யாராச்சும் சொன்னா நம்பவே மாட்டாங்க.

கேள்வி: சுதந்திரம் வந்த அன்னைக்கே ராஜா படத்த தூக்கிட்டாங்களா சார்?

பதில்: எங்க! நோட்டுல 1949ல தான் அசோகர் தூண் சிங்கம் வந்துச்சு, காசுல 1950 ஆகஸ்ட் 15. பாகிஸ்தான்லயே 48 செப்டம்பர் வரைக்கும் நம்ம நோட்டுதான் செல்லுபடி, கொஞ்சத்துல மேல "பாகிஸ்தான் அரசு"ன்னு அச்சடிச்சுக் குடுத்தாங்க. அணா ஒழிஞ்சது 1957 ஏப்ரல் 1, ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா. ஆனா நாலணா எட்டணான்னு நாம சொல்றத எந்தச் சட்டமும் நிறுத்தல.

கேள்வி: தஞ்சாவூர் பெரிய கோயில் போட்ட நோட்டு இருந்துச்சாமே, நிஜமா?

பதில்: நிஜம்ங்க, 1954ல வந்த ஆயிரம் ரூபா நோட்டு. அப்போ ஆயிரம் பாத்தவங்க ரொம்பக் கம்மி. 1978ல 5000, 10000 கூட சேத்து செல்லாதுன்னுட்டாங்க.

கேள்வி: ரூபாய்க்கு முன்னாடி மெட்ராஸ்ல என்ன புழங்குச்சு?

பதில்: வராகன், பணம், காசு. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு, கணக்குப்பிள்ளைங்க பாவம். 1818ல கம்பெனி இங்கயும் ரூபாய்க்கு மாத்திட்டான், ஒரு வராகனுக்கு மூணரை ரூபான்னு.

கேள்வி: வருஷத்துக்குக் கீழ நட்சத்திரம் இருக்கு, டேமேஜ் பீஸா?

பதில்: இல்லக்கா, ஹைதராபாத்ல அடிச்ச காசு. டைமண்ட் இருந்தா மும்பை, புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லன்னா கொல்கத்தா.

கேள்வி: டிராக்டர் போட்ட அஞ்சு ரூபா நோட்டுக்கு ஒருத்தர் லட்ச ரூபா தரேங்கறார், ஆனா மொதல்ல பதிவுக் கட்டணம் கட்டச் சொல்றார்...

பதில்: கட்டாதீங்க! அந்த நம்பர பிளாக் பண்ணுங்க, இதப் பத்தி ரிசர்வ் வங்கியே எச்சரிச்சிருக்கு. அந்த நோட்டு கோடிக்கணக்குல அடிச்சது, சாதாரணமா அஞ்சு ரூபாய்தான். அப்புறம் மேல கேட்ட புலிக்காசுத் தம்பிக்கும் சேத்து சொல்றேன், புளி போட்டுத் தேய்ச்சிடாதீங்க, பளபளன்னு இருந்தா வாங்கறவன் பாதி விலைதான் கேப்பான்.