பாட்டுக்குப் பாட்டு: வாசகர் கேள்வி – பதில்

ஆடி மாதம் அம்மன் கோயில் மேடைகளில் எஸ்.பி.பி. பாட்டுகள்தான் பாடுகிறேன், கைதட்டலுக்குக் குறைவில்லை. ஸ்டுடியோவில் பாடப் போனால் 'ப, பா எல்லாம் வெடிக்குது' என்று நிறுத்தி நிறுத்தி எடுத்தார்கள். முறையாகச் சங்கீதம் படிக்காததுதான் காரணமா?
– வியாசர்பாடி வாசகர்

இல்லை. எஸ்.பி.பி.யே முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டு வந்தவர் அல்ல. கோதண்டபாணி இசையில் 1966-ல் தெலுங்கில் பாட ஆரம்பித்தவர். 'சங்கராபரணம்' படம் வந்தபோது இசையமைப்பாளர் கே.வி.மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி சொல்லிக்கொடுக்க, வரிவரியாகப் பாடம் பண்ணிப் பாடினார். அவருடைய முதல் தேசிய விருது அதற்குத்தான்.

உங்கள் சிக்கல் மைக்கில் இருக்கிறது. மேடை மைக்கை உதட்டை ஒட்டிப் பிடித்து, டிரம்ஸ் சத்தத்தைத் தாண்டக் காற்றைத் தள்ளிப் பழகிவிட்டீர்கள். ஸ்டுடியோ கண்டென்சர் மைக் மூச்சு இழுப்பதைக்கூட வாங்கிக்கொள்ளும். 6 முதல் 8 அங்குலம் தள்ளி நில்லுங்கள். வாய் மைக்குக்கு நேராக வேண்டாம், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். உச்சஸ்தாயி வரும்போது அரை அடி பின்னால் போங்கள், குரலை அடக்காதீர்கள்.

தமிழ் 'ப'வுக்கு ஊதல் கிடையாது. காற்றைத் தள்ளிப் பாடுவதால்தான் அது 'ப்ஹ' ஆகிறது. வாய்க்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துப் பல்லவியைப் பாடிப் பாருங்கள். சுடர் லேசாக ஆடினால் பரவாயில்லை, அணைந்தால் இன்னும் ஊதுகிறீர்கள் என்று அர்த்தம். பத்து நாள் செய்தால் வித்தியாசம் தெரியும்.

மூச்சு எடுக்கும் இடங்களைப் பாட்டுத் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், சொல்லின் நடுவே ஒன்றுகூட வரக்கூடாது. தாளைக் கையில் பிடித்தால் சரசரக்கும், ஸ்டாண்டில் வையுங்கள். வளையல், வாட்ச் வெளியிலேயே இருக்கட்டும். ஹெட்போனில் உங்கள் குரல் அதிகமாகக் கேட்டால் அடக்கிப் பாடத் தோன்றும், சுருதி இறங்கும். தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள்.

சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதலில் வாங்கியவர் யார்?
– ராயபுரம் வாசகர்

பி.சுசீலா. 1968-ல் வந்த 'உயர்ந்த மனிதன்' படத்தின் 'பால் போலவே' பாட்டுக்கு. தமிழ்ப் பாட்டுக்குக் கிடைத்தது என்பதில் நமக்குத் தனிப் பெருமை.

என் மகளை 'ட்ராக்' பாடக் கூப்பிடுகிறார்கள். படத்தில் அவள் குரல் வருமா?
– தண்டையார்பேட்டை வாசகி

பெரும்பாலும் வராது. மெட்டு, உச்சரிப்பு, உணர்ச்சி எல்லாம் எப்படி வர வேண்டும் என்று பெரிய பாடகருக்குக் காட்டத்தான் ட்ராக் எடுப்பார்கள். சில நேரம் அதுவே பிடித்துப்போய்ப் படத்திலும் நிற்பதுண்டு. அதை நம்பிச் சம்பளம் பேசாமல் போகாதீர்கள். ட்ராக்குக்கு எவ்வளவு, படத்தில் இருந்தால் கூடுதலாக எவ்வளவு, பெயர் போடுவார்களா என்று மூன்றையும் முன்பே கேட்டு, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். படம் வெளிவரும்வரை அந்தப் பாட்டை அவள் எங்கும் பகிரக்கூடாது. போனில் ஒரு வரி வெளியே போனாலும் அடுத்த அழைப்பு வராது.