மடிந்து விரலை வெட்டிய வில்லுக்கத்திக்குப் பதிலாக

தம்பி, தேசிக்காய் வெட்டிய வில்லுக்கத்தி இரண்டே நாளில் துருப்பிடித்தது, கயிறு அறுக்கும்போது மடிந்து விரலையும் வெட்டிவிட்டது என்று முல்லைத்தீவிலிருந்து எழுதியிருந்தீர்கள். முதலில் காயத்தை நனையாமல் பாருங்கள்.

அது கார்பன் உருக்காக இருக்கும். கூர் நன்றாக ஏறும், ஆனால் புளிச்சாறும் வியர்வையும் அதற்கு ஆகாது. தோட்ட வேலைக்குத் துருப்பிடிக்காத உருக்கையே எடுங்கள். ஒபினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் 8ஆம் இலக்க வில்லுக்கத்தி எனக்குப் பிடித்தது. அலகு 8.5 செ.மீ.; கழுத்திலுள்ள வளையத்தைத் திருகினால் மடியாது. மரப்பிடி மட்டும் மாரியில் ஊதி, நகத்தால் இழுத்தாலும் அலகு வராது. கார்த்திகைக்கு முன்பே மூட்டில் கொஞ்சம் வஸ்லின் பூசி வையுங்கள்.

எந்தக் கத்தியானாலும் கடையிலேயே விரித்துப் பூட்டி, பிடியையும் அலகையும் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் வாங்கவே வேண்டாம்.