வடிகால் தூர்ந்த வயலில் வலி மாத்திரை

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மன்னார்குடி பக்கம் விவசாயம். இரண்டு வருடமாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். போன வாரம் வரப்பில் வழுக்கி விழுந்ததில் முதுகெலும்பில் விரிசல். பக்கத்து கிளினிக்கில் டிராமடால் 50 மி.கி. மூன்று வேளை எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து பேசிக்கொண்டே தூங்கிவிடுகிறார். காபி டம்ளரைப் பிடித்தால் கை வெட்டி வெட்டி இழுக்கிறது. இதே மாத்திரையை அம்மா மூட்டுவலிக்குச் சாப்பிட்டபோது ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காதீர்கள். இன்றைக்கே அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உலுக்கியும் கண் திறக்கவில்லை, அல்லது மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவு என்றால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். 'நாளைக்கு டயாலிசிஸில் எல்லாம் போய்விடும்' என்று காத்திருக்க வேண்டாம். நான்கு மணி நேர டயாலிசிஸில் டிராமடால் மிகக் கொஞ்சமே வெளியேறும்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மாத்திரை ஒன்றுதான், வடிகால்தான் வேறு. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம். வடிகால் தூர்ந்த வயலில் அதே தண்ணீர் மூன்றாம் நாள் பயிரை அழுக வைக்கிறது. கல்லீரல் டிராமடாலை அதைவிட வீரியமான ஒரு பொருளாக மாற்றுகிறது. அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். அது நின்றுபோனால் முதல் வேளை மருந்து இறங்கும் முன்பே அடுத்தது வந்து சேர்கிறது. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிக்கு 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 50 மி.கி.யைத் தாண்ட நாங்கள் தயங்குகிறோம். தேங்கினால் தூக்கம், குழப்பம், கை வெட்டி இழுப்பது, சிலருக்கு வலிப்பு.

மார்பினில் ஆபத்து இன்னும் அதிகம். அதன் கழிவுகளில் ஒன்று மூச்சை அடக்கும், இன்னொன்று நரம்பைத் தூண்டிவிடும். கோடீன் உள்ள இருமல் மருந்தும் உடம்பில் மார்பினாகத்தான் மாறுகிறது. வீட்டில் பாட்டில் இருந்தால் பாருங்கள். நரம்பு வலிக்குத் தரும் கபாபென்டின், பிரிகாபலினும் இதே போலத் தேங்கும்.

வலியோடு அவரை விட்டுவிடச் சொல்லவில்லை. முதலில் பாரசிட்டமால், மருத்துவர் சொல்லும் அளவில். டைக்ளோஃபெனாக் ஊசி வேண்டாம். மிச்சமிருக்கும் கொஞ்ச சிறுநீரும் நின்றுவிடலாம். அதற்கும் மேல் தேவைப்பட்டால் பெரும்பாலும் கல்லீரலிலேயே முடிந்துவிடும் ஃபென்டனில், பியூப்ரினார்ஃபின் போன்றவை உண்டு. எது, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். தோலில் ஒட்டும் பட்டையாகத் தந்தால், அதன்மேல் வெந்நீர் ஒத்தடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சூட்டில் மருந்து மளமளவென்று உள்ளே இறங்கிவிடும்.